அலை அடங்கும் நேரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், படாளத்துக்கிட்டே மாட்டுவண்டி குடைசாய்ந்து கால் ஒடிந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மகாபலிபுரத்துப் பக்கம் மீன் பிடிப்பவர். உப்புக்காற்றில் இறுகிய உடம்பு. அதில் இடது பாதியைப் பக்கவாதம் அடித்துப் போட்டிருந்தது.

எந்நேரமும் வலது கை விரல்களை, அசையாத இடது மணிக்கட்டின் நாடிமேல் வைத்திருப்பார். நடுநடுவே எதையோ முணுமுணுப்பார். சாமி பேர் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "வாதம் வந்ததிலிருந்து துடிப்பு தாறுமாறா இருக்கு. விட்டு விட்டு அடிக்குது. எழுந்திருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பயமா இல்லியா, அண்ணாத்த?" என்றேன்.

வாய் ஒருபக்கம் கோணச் சிரித்தார். "இன்னாத்துக்குப் பயம்? அலை அடிச்சிகினே கீது, நடுவுல கொஞ்சம் அடங்கும். அப்பத்தான் கட்டுமரத்தத் தள்ளி உள்ள எறங்குவோம். இங்கயும் அப்பப்ப அடங்குது. நீயே தொட்டுப் பாரு."

எட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டேன். நாடி தடதடவென்று ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. பிறகு நின்றுவிட்டது. என் மூச்சும் நின்றது. அவர் மட்டும் கண்ணை மூடி, கரையில் கூட்டாளிகளுக்குச் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார்.

"தள்ளு."

என் விரலடியில் நாடி எகிறியது.

அவர் சொல்லித்தான் அது அடித்ததா, அடிக்கப்போவது தெரிந்து சொன்னாரா? இன்றைக்கும் மகாபலிபுரத்துக் கரையில் நின்றால், அலை அடங்கும்போது என் கை தானாக என் மணிக்கட்டுக்குப் போகிறது.