ஏழு அடிக்கு ஒரு கட்டைவிரல்

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் வத்ஸலாவைத் தெரியாதவர் இல்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சிரித்துக்கொண்டேதான் பாடம் சொல்லுவாள். ஆனால் அவளுடைய வலது பாதத்தை யாரும் பார்த்ததில்லை. புடவைக் கரை தரையைப் பெருக்கும்படிதான் கட்டுவாள்.

காரணம், கட்டைவிரல். அதன் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து படுத்திருந்தது. 1939-ல், பொன்மலை ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வரதுவுக்கு அவளை நிச்சயம் செய்தபோது, தாய் வேதவதி அந்த விரலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்தில் ஏழு அடி எடுத்து வைக்கையில் மாப்பிள்ளை பிடிக்க வேண்டியது அந்த விரலைத்தானே! ஊரே கண்கொட்டாமல் பார்க்குமே!

சம்பந்தி வீட்டுக்கு மூச்சுக் காட்டாமல், அப்துல் ரஹீமின் ஜட்காவில் காவிரிப் பாலம் தாண்டி, தென்னூரில் டாக்டர் கிளமென்டின் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் புடைப்பைச் செதுக்கி விரலை நேராக்கினார்.

"ஆறு வாரத்துக்கு இந்தத் துணிப் பட்டையைத் தளர்வாச் சுத்துங்க. போதும்."

போதுமா? மறுபடி சாய்ந்துவிட்டால்? வேதவதியின் தாயுள்ளம் கேட்கவில்லை. மூன்று மாதம், தினமும், மற்ற விரல்களை விட்டு அப்பால் இழுத்து இழுத்துப் பட்டையை இறுக்கினாள்.

கார்த்திகையில் கட்டைப் பிரித்தார்கள். ஐயோ! விரல் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி, மற்ற நாலு விரலோடும் கோபித்துக்கொண்டாற்போல் விலகி நின்றது. செருப்பின் வளையத்துக்குள்கூட நுழைய மறுத்தது.

"முன்னே கோணலா இருந்தாலும் குடும்பத்தோட இருந்தது. இப்போ தனிக்குடித்தனம் போயிடுத்தும்மா!" என்று வத்ஸலா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. "கல்யாணமே வேண்டாம்மா. என்னால அவரை எல்லாரும் கேலி பண்ணுவா."

"என் கையாலேயே கெடுத்தேனே!" என்று வேதவதி தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு 'விஷ ஜுரம்' என்று கடிதம் போயிற்று. தை முகூர்த்தம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று.

மறுபடி தென்னூருக்குப் போனார்கள். டாக்டர் பாதத்தைப் பார்த்தார். "கட்டுப் போட்டீங்களா, தேர் வடம் இழுத்தீங்களாம்மா?"

மறுபடி கீறி, உள்பக்கம் சுருங்கிப்போன தசைநாரைத் தளர்த்தி, மூட்டை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். இந்தத் தடவை வேதவதி தொடவே கூடாதென்று உத்தரவு.

வைகாசி வந்தது. மேளம் முழங்க, ஏழு அடிக்கு வரது குனிந்தான். பிடித்தது இடது காலை!

"வலது கால், வலது கால்!" என்றார் புரோகிதர். வரது தயங்கினான்.

வேதவதிக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, அது இல்லை! ரெண்டு ஆபரேஷன் பண்ணின கால் இன்னொண்ணு!" என்று கத்தியேவிட்டாள்.

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வத்ஸலாவின் கண்கள் குளமாயின.

வரது தாழ்ந்த குரலில் சொன்னான்: "தெரியும் மாமி. ஜுரம்னு லெட்டர் வந்ததும் மனசு கேக்காம ஓடி வந்தேன். உங்காத்துக்குப் போகணும்னு ரஹீம் பாய்கிட்டே சொன்னா, அவர் நேரா ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு நிறுத்திட்டார். ஜன்னல் வழியா மாவுக்கட்டைப் பார்த்துட்டுத் திரும்பிட்டேன். இன்னும் வலிக்குமோன்னுதான் இந்தக் காலைப் பிடிச்சேன்."

வத்ஸலா புடவைக் கரையை ஒதுக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊர் பார்க்க, வலது பாதத்தைத் தானே முன்னால் நீட்டினாள்.

"வலிக்கலை. கெட்டியாவே பிடிச்சுக்கோங்கோ."

"ஐயையோ, தளர்வா மாப்பிள்ளை, தளர்வா!" என்று பதறினாள் வேதவதி.

சிரிப்பில் நாதஸ்வரக்காரருக்கே மூச்சுத் தப்பியது. அந்தச் சிரிப்பின் நடுவேதான் வத்ஸலா ஏழு அடியையும் எடுத்து வைத்தாள்.