மருந்தடிக்காத பாத்தி

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த ஸ்கேனில் கல் தென்படவில்லை. இடது சிறுநீரகத்தின் மேல்நுனியில் ஒரு கட்டி தென்பட்டது. ஒரு பாடலைத் தேடிப் புரட்டும்போது வேறொரு பாடல் கண்ணில் பட்டு வியந்தது ஆசிரியப் பணியில் எனக்குப் பலமுறை நேர்ந்ததுண்டு. உடம்பிலும் அப்படி நேரும் என்று நான் எண்ணியதில்லை.

பெங்களூரில் அறுவை மருத்துவர் கணினித் திரையில் அந்தக் கட்டியைக் காட்டினார். பெரும்பாலும் புற்றுநோயாகவே இருக்கும் என்றார். சிறியதாக இருப்பதால் அப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். அடுத்த மாதத்தில் ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார். நானும் மனைவியும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி வழக்கம்போல் இருந்தது. வலியில்லாத இடத்தில் கத்தி வைக்க ஒப்புக்கொள்வது அத்தனை எளிதன்று.

ஆகவே படிக்கத் தொடங்கினேன். அச்சம் வந்தால் நூலைத் திறப்பது என் பழக்கம். முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி ஆகியவை அடங்கிய குடும்பத்துக் காய்களில், குறிப்பாகப் புரோக்கோலியில், ஒரு பொருள் பிறக்கிறது என்றும், ஆய்வகத் தட்டில் வளர்த்த சிறுநீரகப் புற்றணுக்களின் பெருக்கத்தை அது தடுப்பதைக் கண்டிருக்கிறார்கள் என்றும் படித்தேன். அது காயில் ஆயத்தமாக இருப்பதில்லை. இலையோ பூவோ கடிபடும்போது, தனித்தனி அறைகளில் இருந்த இரண்டு பொருள்கள் ஒன்று கலக்க, அந்தக் கணத்தில்தான் உண்டாகிறது. நன்றாக வேகவைத்தால் குறைந்துபோகிறது. இதை மனைவிக்கு விரித்துரைத்தேன். அரிந்துகொண்டிருந்த வெங்காயத்திலிருந்து அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பாகலூர்ப் பக்கம் அவளுடைய தம்பிக்கு நிலம் உண்டு. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்துவிட்டு வந்து, நிழல்வலைக்கு அடியில் புரோக்கோலி பயிரிட்டுப் பெங்களூர் அங்காடிகளுக்கு அனுப்புகிறவன். நான் படித்ததைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம தோட்டத்துலயே கிடக்குது மாமா! தெனமும் கொண்டாந்து போட்டுடறேன்."

"இத்தன வருசமா வித்துட்டிருக்கிறியே, ஒரு நாளாவது அக்கா வூட்டுக்குன்னு ஒரு பூ கொண்டாந்தியாடா?" என்றாள் மனைவி.

"நாங்களே திங்கறதில்லக்கா. அடிக்கற மருந்து எங்களுக்குல்ல தெரியும்!"

சொல்லிவிட்டுச் சற்று யோசித்தான். அவர்கள் பக்கத்தில் வீட்டுச் சமையலுக்கென்று கீரைக்கும் வெண்டைக்கும் ஒரு பாத்தியைத் தனியே விட்டு, அதில் பூச்சிமருந்து படாமல் பார்த்துக்கொள்வார்கள். புரோக்கோலிக்கு அப்படி எவரும் விட்டதில்லை. விற்கும் பயிரை வீட்டில் தின்னும் வழக்கமே இல்லை. எனக்காக அவன் விட்டான். மொட்டு வைக்கத் தொடங்கியிருந்த கடைசிப் பாத்திக்கு இனி ஒரு சொட்டு மருந்தும் அடிப்பதில்லை என்று முடிவு செய்தான்.

அன்றே என் மனத்திலும் ஒரு முடிவு உருவாயிற்று. அறுவையை மூன்று மாதம் தள்ளிவைப்பது. அதுவரை அந்தப் பாத்தியை உண்டு பார்ப்பது. அதை மனைவியிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று. சொன்னபோது அவள் காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூணு மாசம் கட்டி சும்மா இருக்குமா? அதுகிட்டயும் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?"

ஆயினும் திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் பேசிவிடுவதென்றே இருந்தேன். அந்த வாரத்தில் ஒரு நாள் பக்கத்து அறையில் யாரிடமோ தொலைபேசியில், "படிச்ச மனுசனுக்கு யாரு சொல்றது?" என்று அவள் சொல்வது காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அழைத்தான். "மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." அவன் குரலில் உற்சாகம் இல்லை.

நிழல்வலைக்குள் மற்றப் பாத்திகள் சாம்பல் பூத்த பச்சையில் செழித்து நின்றன. என் பாத்தி சல்லடையாகக் கிடந்தது. இலைகளில் நரம்பு மட்டுமே எஞ்சியிருக்க, பூக்கொத்துகளின் இடுக்குகளில் இளம்பச்சைப் புழுக்கள் நெளிந்தன. விரல் பட்டதும் ஒன்று துள்ளி, தன் இழையைப் பற்றிக்கொண்டு காற்றில் தொங்கிற்று. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"மாமாவுக்குப் பந்தி போட்டா வேற யாரோ வந்து குந்திக்கிட்டாங்கன்னு சொல்லுதுங்க." அவனும் சிரிக்க முயன்றான். "முத்துன புழுவா இருக்குது மாமா. வேற செடியில வுட்டா இது திங்காது. இந்தச் சாதிய மோந்துதான் தாய்ப்பூச்சி வந்து முட்ட வைக்குது."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தவற்றில் ஒரு வரி இருந்தது. அதை விரைந்து கடந்துவிட்டிருந்தேன். கடிபட்டதும் அந்தப் பொருளைச் செடி உண்டாக்குவது நமக்காக அன்று. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதற்காக. பெரும்பாலான பூச்சிகள் அதற்கு அஞ்சி ஒதுங்குகின்றன. இந்தப் புழுவோ அதைத் தன் வயிற்றில் செயலிழக்கச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறது; அந்தப் பொருளின் கார மணத்தையே வழிகாட்டியாகக் கொண்டு தன் தாய் வந்து இட்ட முட்டையிலிருந்து பிறந்திருக்கிறது. எதை நம்பி நான் கத்தியைத் தள்ளிவைக்க எண்ணினேனோ, அதையே தின்று அது என் கண்முன் கொழுத்துக்கொண்டிருந்தது.

புழு வேறு, புற்று வேறு என்பதை அறியேனல்லேன். ஒன்றைக்கொண்டு மற்றொன்றை நிறுவுவது பிழையான தருக்கம். ஆயினும் தட்டில் வளர்த்த அணுக்களைப் பற்றிப் படித்துவிட்டு என் உடம்பைப் பற்றி முடிவு செய்தேனே, அந்தத் தருக்கம் மட்டும் செம்மையானதா? தட்டில் அந்த அணுவுக்கு ஒளிய இடமில்லை. என் இடுப்புக்குள் இருப்பது எத்தனை காலமாக அங்கே குடியிருக்கிறது, எவற்றையெல்லாம் தாங்கப் பழகியிருக்கிறது என்று அந்தக் கட்டுரைகளில் எவரும் எழுதியிருக்கவில்லை.

"பக்கத்துப் பாத்திக்கும் தாவுதா?" என்று கேட்டேன்.

"நேத்திருந்து தாவுது. பரவால்ல மாமா, இன்னும் பத்து நாள் தாக்குப்புடிப்பேன். இருக்கற பூவப் பொறுக்கிக் குடுத்துடறேன்."

"வேண்டாம் மாப்ள. சாயங்காலமே மருந்தடிச்சுடு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குத்தான் டாக்டரு நாள் குறிச்சிருக்கிறாரே. அன்னைக்கு வண்டிய எடுத்துட்டு வந்துடு, கொண்டுபோய் விடுவியாம்."

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பாது" என்றான்.

குறித்த நாளில் கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் வெட்டிய விளிம்பில் அதன் சுவடு இல்லை என்று முடிவு வந்தது. கட்டுப் பிரிக்கும்போது மருத்துவரிடம் காய்களைப் பற்றிக் கேட்டேன். "தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. சோதனைக்கு வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார். அதன் பின் தவணை தவறாமல் ஸ்கேனுக்குப் போய்வருகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்திய வாரம், நான் கேளாமலே எங்கள் வீட்டில் புரோக்கோலி சமைக்கிறார்கள். கடையில் வாங்கியதன்று, தம்பி எங்கோ ஒரு மூலையில் நாலைந்து செடிகளை வலைமூடி வளர்த்துப் புழுவைக் கையால் பொறுக்குகிறானாம். மனைவி அதை உப்புநீரில் அலசி, ஆவியில் சற்றே வாட்டித் தட்டில் வைக்கிறாள். அதன் காரணத்தை நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சென்ற முறை நான் அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே நின்று பார்த்தவள் சொன்னாள்:

"மெதுவா, நல்லா மென்னு தின்னுங்க. கடிச்சாத்தானே அது வருமின்னீங்க?"