படம் எங்கேயும் போகாத கேமரா

ஐந்து மாதமாக எனக்கு ஒரே கேமரா பைத்தியம். கைப்பைக்குள் அடங்க வேண்டும், ஆனால் விளையாட்டுச் சாமானாக இருக்கக் கூடாது. லென்ஸ் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விட வேண்டும். எல்லாவற்றையும் நானே திருகி வைத்துக்கொள்ள வேண்டும். சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் உலை வைத்துவிட்டு, போனில் கேமரா விமர்சனங்களைப் படிக்க உட்கார்ந்துவிடுவேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், "என்னைக் கட்டிக்கறதுக்கு நீ இவ்ளோ யோசிக்கலயே" என்றார். யோசித்திருக்கலாம்தான் என்றேன்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். புது மாடல். திரையை மேலும் கீழும் மடக்கலாம், மங்கலிலும் முகத்தைத் தேடிப் பிடிக்கும். அடுத்த மாதம் கடலூரில் கணவரின் அக்கா மகளுக்கு நிக்காஹ். அந்த அக்காவை நானும் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். பெண்கள் பக்கத்துக்கு ஆண் போட்டோகிராபர் வர மாட்டார், அங்கே படம் எடுப்பது என் பொறுப்பு. நினைத்தாலே விரல் துறுதுறுத்தது.

சிக்கல் லாத்தாதான். முந்தின வருடம் ஒரு விருந்தில் யாரோ போனில் எடுத்த படம், வாய் நிறைய பிரியாணியும் அரைக்கண்ணுமாக, எங்கெங்கோ சுற்றி வாட்ஸ்அப்பில் அவருக்கே திரும்பி வந்தது. அன்றிலிருந்து யார் படம் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். கல்யாணத்தில் பெண்கள் பக்கம் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார். மணப்பெண் என்னைத் தனியாக இழுத்து, "மாமி, நானும் உம்மாவும் நிக்கற மாதிரி ஒரே ஒரு படம். வேற எதுவும் வேணாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாத்தா வீட்டில் இருந்தபோது, கணவர் சிங்கப்பூர் கடையிலிருந்து வீடியோ காலில் வந்தார். கையில் என் கேமரா. "திருப்புங்க, அந்தப் பக்கம், பிளாஷ் போடாம ஒண்ணு எடுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அவர் பெருமையாக, "எடுத்த ஒடனே படம் தானா போனுக்குப் போயிடும், பாரு" என்றார்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த லாத்தா நிமிர்ந்தார். "போனுக்குப் போவுமா?"

"அத நிறுத்தி வச்சிடலாம் லாத்தா."

"நிறுத்துனத எவளாவது தெரியாம போட்டுட்டா? என்ன விட்டுடு. நான் சமையக்கட்டுப் பக்கம் இருந்துக்கறேன்."

மணப்பெண் என்னையே பார்த்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஐந்து மாதப் படிப்பு பூண்டுத் தோலோடு போகிறதே என்று அழுகையும் வந்தது. கணவரிடம், "அங்க பழசு எதுனா இருக்கா? வைஃபை இல்லாதது. லென்ஸ் மட்டும் நல்லதா இருக்கணும்" என்றேன்.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். கறுப்பாக, குட்டையாக, பத்து வருடத்துக்கு மேல் பழையது. திரை மடங்காது, ஃபோகஸ் நிதானமாகத்தான் பிடிக்கும். லென்ஸ் மட்டும் அருமை.

"இதுல எடுத்தா படம் எங்க போவும்?" என்றார் லாத்தா.

"எங்கயும் போவாது. கார்டுலயே கெடக்கும். கார்ட நீங்களே வச்சுக்கங்க."

"அப்ப சரி" என்று மறுபடி பூண்டை எடுத்தார். வாங்கிவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன்.

ஊருக்கு வந்த ஒருவர் கையில் அது வந்து சேர்ந்தது. அந்தக் கனம் கையில் உட்கார்ந்ததுமே புது மாடல் மறந்துபோனது. கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலோரம் சுட்டுத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மண்டபத்தில் மகளின் தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்த லாத்தா என் கேமராவைப் பார்த்தார். நகரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, மகள் தோளில் கை போட்டு நின்றார். டியூப்லைட் வெளிச்சமே போதுமாக இருந்தது. எடுத்ததும் காட்டச் சொன்னார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பிக்கு அனுப்பு இத. லீவு கெடைக்காம அங்க தனியா கெடக்கான்."

"இதுல அனுப்ப முடியாது லாத்தா."

"என்னத்த வாங்குன போ" என்று தன் பையைத் திறந்து போனை எடுத்தார். "அசையாம புடி."

என் கேமராவின் திரையைத் தன் போனில் படம் எடுத்தார். பாதிக்கு டியூப்லைட் பளபளப்பு, ஓரத்தில் என் கட்டைவிரல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்கு என்று ஆரம்பித்தவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை இன்னும் ஏழெட்டுப் பேருக்கு அனுப்பினார்.