டயாலிசிஸ் பிரிவின் சுவரில் ஒரு கடல்

போன வருடம் என் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாருவதற்கே குனிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். படம் வரைந்து பிழைப்பவளுக்கு ஓய்வு என்றால் வேலை இல்லை என்றுதான் அர்த்தம்.

பல வருடங்களாக நான் வரைவது பெரும்பாலும் கடல்தான். ஹோட்டல் அறைகள், பல் டாக்டர்கள், புது அடுக்குமாடி வீட்டுக்காரர்கள், எல்லோரும் கேட்பது அதைத்தான். கடலே இல்லாத இந்த நகரத்தில், ஈஜிபுராவில் என் வாடகை வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரியும். அதற்கு முன்னால் உட்கார்ந்து, போனில் ஏதோ ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு, அலைமேல் அலையாக வரைவேன். கடைசியாக எப்போது கடலைப் பார்த்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

தோள் அந்த நிலையில் இருந்தபோதுதான் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே, கூட வந்தவர்கள் காத்திருக்கும் அறையில், ஒரு சுவர் முழுக்கக் கடல் வேண்டுமாம். மேனேஜர் என்னைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டி, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"வர்றவங்களுக்குப் பாத்தா மனசு லைட் ஆகணும் மேடம். நல்லா ப்ளூ இருக்கட்டும், அஷ்டே, அவ்ளோதான்."

அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குக் களைப்பு வந்தது. ஆனாலும் சரி என்றேன். வீட்டுக்கு வந்து, இன்னொரு புகைப்படத்தைப் பார்த்து வரைய மனமில்லாமல், கார்வார் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு பஸ் ஏறினேன்.

நான்கு நாள் இருந்தேன். முதல் நாள் காலை மணலில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்தேன். ஈரக்காற்றில் வாட்டர்கலர் காயவே இல்லை. ஒரு நீலத்தின் மேல் அடுத்தது வழிந்தது. கடல் நீலமாகவும் இல்லை, அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் தகர நிறம், அப்புறம் எதுவென்று சொல்ல முடியாத ஒரு பச்சை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு நாலைந்து படங்கள் வரைந்தேன். பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று நாளும் பெரும்பாலும் அப்படியே போயின. தென்னை நிழலில் தூங்கவும் தூங்கினேன். வேலைக்கு வந்துவிட்டுத் தூங்குகிறோமே என்ற உறுத்தல்கூட இரண்டாம் நாளோடு போய்விட்டது.

திரும்பி வந்து சுவரில் வேலையைத் தொடங்கினேன். கை எட்டாத மேல் பகுதிக்கு ஒட்டடைக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒருவருக்கு மெஷின் ஓடி முடிய நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை கூட வந்தவர்களுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லாததால் என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒரு அம்மா மட்டும் பேசுவார். தங்கவயல்காரர். கணவர் அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை கிடைத்ததும் இருவரும் அவனோடு வந்துவிட்டார்கள். வாரம் மூன்று நாள் கணவரை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டி வருவார்.

ஒருநாள் தொடுவானத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படகு வரைந்தேன். இடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று போட்டதுதான். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா கேட்டார்.

"அக்கா, அந்தப் படகு போவுதா, வருதா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ படகுகள் வரைந்தாயிற்று. ஒன்றைப் பற்றியும் அப்படி யோசித்ததில்லை.

"ஏன் கேக்குறீங்க?"

"முந்தாநாள் இங்க நாலு மணி நேரம் அதையேதான் பாத்துக்கினு இருந்தேன். போற மாதிரியே இருக்குது. உள்ள ஆள விட்டுட்டு வந்து ஒக்கார்றவங்களுக்கு அது நல்லா இல்லக்கா. வரட்டும்."

எடுத்துவிடவா என்று கேட்டேன். "எடுக்க வாணாம். வர்ற மாதிரி பண்ணுங்க" என்றார்.

அன்று வேலை ஓடவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கும் படகு வருகிறது என்று எப்படிக் காட்டுவது? கார்வார் பக்கத்துக் காலைகளை நினைத்துப் பார்த்தேன். மீனோடு திரும்பும் படகுகள் தண்ணீரில் கனமாக அமுங்கி வரும். அவற்றின் மேல் பறவைகள் மொய்த்துக்கொண்டே வரும். வெறும் படகாகப் போகிறபோது ஒரு பறவையும் ஏறிட்டுப் பார்க்காது. மறுநாள் படகைத் தண்ணீரில் கொஞ்சம் தாழ்த்தினேன். அதன் மேல் பறவைகளை வெள்ளைப் புள்ளிகளாக வைத்தேன். தோள் வலியில் அதற்கே அரை நாள் ஆனது. அதற்கு அடுத்த நாள் அந்த அம்மா வந்து நெடுநேரம் பார்த்தார். "ஆங், இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து எடுத்து ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

சுவர் முடிந்தது. ப்ளூ கம்மி என்று மேனேஜர் முகம் சுளித்தார். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன். அதற்கு மேல் வாதாட அவருக்கும் நேரமில்லை, எனக்கும் தெம்பில்லை.

இரண்டு மாதம் கழித்து, நாற்காலிகள் உரசிய கீழ்ப்பகுதியைச் சரிசெய்யப் போனேன். அந்த அம்மா மூலை நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், ஊசி குத்திய கையில் கட்டுப்போட்ட ஒரு மெலிந்த மனிதர் அவர் எழுந்திருக்கக் காத்திருந்தார். என் பிரஷ்ஷைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கதானா அது? எங்க வீட்டம்மா சொன்னா."

ஆமாம் என்றேன். அவர் சுவரை ஒருமுறை முழுக்கப் பார்த்தார்.

"எம்மாந் தண்ணி. எனக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர்தான் குடிக்கலாம்னு இருக்குது, தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் வந்து போகிற இடத்தில் ஒரு சுவர் நிறையத் தண்ணீரை வரைந்து வைத்திருக்கிறேன். மேனேஜருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"பாக்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. உப்புத் தண்ணிதானே. எப்படியும் குடிக்க முடியாது. இதுவே குழாய் தண்ணி, கிணத்துத் தண்ணின்னா கஷ்டமாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேச்சுச் சத்தத்தில் அந்த அம்மா விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கணவரின் நல்ல கையைப் பிடித்து எழுப்பினார். இருவரும் மெதுவாக நடந்து லிஃப்ட்டுக்குப் போனார்கள். நான் தரையில் உட்கார்ந்து, உரசல் பட்ட அலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூசத் தொடங்கினேன்.