ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறை

எங்கள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களை எதிரே உட்காரவைத்து, ஒவ்வோர் ஒலியாக வாய்க்குக் கொண்டுவருவது அவர் வேலை. அவர்கள் திக்கித் திணறிச் சொல்வதைப் பதிவுசெய்து, வீட்டுக் கணினியில் திரும்பத் திரும்பக் கேட்பார். பத்தொன்பது வருடக் குரல்கள் அதில் இருந்தன. பக்கத்து அறையில் ரத்தம் பரிசோதிக்கிற எனக்கு இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய நாத்தனார் வந்திருந்தார். நெட்வொர்க் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். மோடத்தின் விளக்கு விடாமல் சிமிட்டுவது அவர் கண்ணில் பட்டது.

"அண்ணி, யாராவது படம் பாக்குறாங்களா?"

"யாரு இருக்கா? உங்க அண்ணன் குளிச்சிட்டு இருக்காரு."

நாத்தனார் கணினியில் ஒரு சிறு மென்பொருளைப் போட்டார். கணினி எங்கெல்லாம் தகவல் அனுப்புகிறது என்று அது வரிவரியாகக் காட்டியது. ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறை. டீச்சரம்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொடவே இல்லையே. இது யார்கிட்ட பேசிட்டு இருக்கு?"

"மென்பொருள் செஞ்சவங்ககிட்ட, விளம்பரக்காரங்ககிட்ட. எதைத் திறந்தீங்க, எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க, எல்லாம் போகும். அதோட உங்க குரல் ஃபோல்டரும் காப்பியாகி நெட் வழியா கம்பெனி சர்வருக்கு ஏறிட்டு இருக்கு."

"குரலெல்லாமா? என்னை ஒரு வார்த்தை கேட்கலையே."

"முதல் நாளே கேட்டிருக்கும் அண்ணி. நாமதான் சரி சரின்னு தட்டிட்டுப் போயிடுவோம்."

மனைவி எதிரில்கூட வாய் திறக்கக் கூசுகிறவர்கள் அவரை நம்பிப் பேசிய பேச்சு அது. டீச்சரம்மா ஒரு நோட்டை எடுத்தார். கணினியின் செட்டிங்ஸில் தினம் ஓர் அமைப்பாகப் படித்துப் புரிந்துகொண்டு அணைத்தார்: இருப்பிடம், விளம்பர அடையாளம், தட்டச்சுப் பதிவு. பழுது விவரம் அனுப்புவதை முழுதாக நிறுத்த வழியில்லை. குறைந்த அளவில் வைத்தார். பாதுகாப்பு அப்டேட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று நாத்தனார் சொல்லியிருந்தார். குரல்களை இணையமே இல்லாத பழைய லேப்டாப்புக்கு மாற்றிப் பூட்டுச்சொல் போட்டார். ஏற்கெனவே சர்வருக்கு ஏறியிருந்தவற்றை அழித்தார். பெரிய அப்டேட் ஒன்று வந்தபோது நான்கு அமைப்புகள் சத்தமில்லாமல் பழைய நிலைக்குப் போயிருந்தன. நோட்டை வைத்துக் கண்டுபிடித்து மறுபடி அணைத்தார்.

மூன்று வாரத்தில் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது வெறும் அறுபதாகக் குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பதிவுகளை இனியும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பெரும்பாலோர் தலையாட்டினார்கள்.

ஒருவர் ஆட்டவில்லை. பஸ் ஓட்டியவர், ஏழு மாதமாக 'ம்' என்ற ஒலியைத் தாண்டாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் உதட்டை அசைத்தார். பிறகு, "வேண்டாம்" என்றார்.

என் அறை வரைக்கும் கேட்டது. அத்தனை தெளிவு.

டீச்சரம்மா கையோடு கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திருப்பி, அவர் கண்ணெதிரிலேயே அந்த ஏழு மாதத்தையும் அழித்தார். அந்த வார்த்தையை அவர் பதிவுசெய்யவில்லை. பிறகு வெளியே வந்தார். "கேட்டீங்களா?" என்றார் என்னிடம்.