அக்கா பார்க்க மாட்டேன் என்ற மோதிரம்

என் அக்காவிடம் யாரும் ஆசையாக ஒரு நகையைக் காட்டுவதில்லை. காட்டினால் அவள் கை தானாக லென்ஸைத் தேடும் என்று எங்கள் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரியும். விசேஷ வீட்டுக்குள் அவள் நுழைந்தாலே நாலு பெண்கள் மோதிரக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பாவம், அவளோ உட்கார ஒரு நாற்காலி கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கல் பார்ப்பது அவள் வேலை. நகை வாங்கியவர்களும் விற்கப் போகிறவர்களும் கல்லைச் சோதித்துக்கொள்ள வரும் ஒரு சோதனைக் கூடத்தில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கொடுப்பது நான். உள்ளே விளக்கடியில் குனிந்திருப்பது அவள். எனக்கு வாய் நீளம், அவளுக்குக் கழுத்து வலி.

வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வைத்தியம் தெரியும். வாயால் ஊதிப் பார்த்தேன், தண்ணீரில் போட்டேன், கண்ணாடியைக் கீறினேன் என்பார்கள். மறுத்துப் பேச அக்காவுக்குத் தெம்பு கிடையாது. பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைப்பாள். வைரம் என்றால் அது கத்தும். கண்ணாடி, சிர்கான் போன்ற போலிகள் எல்லாம் அங்கேயே ஊமையாகிவிடும். மாய்சனைட் என்று ஒரு கல், அந்தப் பேனாவையே ஏமாற்றிக் கத்த வைக்கும். லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கத்துப் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்து மாட்டிக்கொள்ளும். உயிரை வாங்குவது லேப் வைரம்தான். அதுவும் வைரமே. மண்ணுக்குள் விளையாமல் இயந்திரத்துக்குள் வளர்ந்தது, அவ்வளவுதான். பேனாவும் தலையாட்டும், லென்ஸும் தலையாட்டும். புற ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து, விளக்கை அணைத்த பிறகும் மினுங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் பெரிய இயந்திரத்திலும் வைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

லேப் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல் விற்பதுதான் அயோக்கியத்தனம். ஆனால் ஏமாந்தவர்கள் விற்றவனிடம் போய்க் கத்துவதில்லை. எங்கள் முன்னால் நின்றுதான் கத்துகிறார்கள். ஒரு அம்மாள் அக்காவைப் பார்த்து, “உன் கண்ணு அவிஞ்சு போக” என்றாள். அக்கா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். நானாக இருந்தால் அந்த அம்மாள் குடும்பத்தையே இழுத்திருப்பேன்.

எங்கள் இடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சோதனை முடிவை, கல்லைக் கொண்டுவந்தவரிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். கட்டிய பெண்டாட்டி வந்து கேட்டாலும் கிடையாது. அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை.

அவள் மகளுக்கு நிச்சயமானபோது மாப்பிள்ளை ஒற்றைக்கல் வைர மோதிரம் போட்டார். சாதாரண உத்தியோகம், கையைக் கடிக்கிற விலை கொடுத்து வாங்கியது. மகள் அன்றே சொல்லிவிட்டாள். “அம்மா, இத மட்டும் நீ பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.” அக்கா பண்ணினாள். அதற்குப் பிறகு மகள் தட்டை நீட்டினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவாள். பெற்றவளுக்கு இப்படி ஒரு தண்டனையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் டோக்கன் வரிசையில் மாப்பிள்ளை நின்றார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்து, ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று கையெடுத்துக் கும்பிட்டார். இவர் மோதிரம் வாங்கிய அதே கடையில் கூட வேலை பார்ப்பவனும் வாங்கி ஏமாந்திருக்கிறான். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை, அக்கா கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் நம்ப மனமில்லை. நான் வாயை மூடிக்கொண்டு டோக்கனைக் கொடுத்தேன்.

அக்கா எப்போதும் கல்லைத்தான் பார்ப்பாள், ஆளைப் பார்ப்பதில்லை. சத்தியத்தைக் காப்பாற்றியவள் ஆதலால் மோதிரமும் அடையாளம் தெரியவில்லை. எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு, வழக்கமான சோர்ந்த குரலில், “லேப் கல்லுங்க” என்றாள். “நீங்க கொண்டுவந்த சர்ட்டிபிகேட் பேப்பர் உண்மையானதுதான், ஆனா வேற கல்லோடது. பேப்பர்ல இருக்கற நம்பர் விளிம்புல பொறிச்சிருக்கணும், இதுல இல்ல. பொண்ணுக்குக் குடுத்துட்டீங்களா, இனிமேதானா?”

“குடுத்துட்டேன் அத்தை.”

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. நானே சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

“இங்க சொல்றது வெளிய போகாது தம்பி” என்று மோதிரத்தை அவர் கையில் வைத்தாள்.

சாயங்காலம் நானும் அக்காவும் வீட்டுக்குப் போனால் மகள் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விரலில் மோதிரம் இல்லை.

“லூசா இருக்கு, சரி பண்ணித் தரேன்னு வாங்கிட்டுப் போயிருக்காரு. லூசாவே இல்ல சித்தி. கல்ல மாத்தப் போறாரு.”

“எதுக்குடி மாத்தணும்?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

“அது லேப் கல்லு. போட்ட வாரமே வேற எடத்துல காட்டிட்டேன். அம்மா பாத்து ஏதாவது சொன்னா வீடே கலங்கும்னுதான் அன்னிக்கே சத்தியம் வாங்கினேன். தெரிஞ்சே குடுத்தாரா, ஏமாந்தாரான்னு தெரியல. அவரா வாயத் தொறக்கறாரான்னு இத்தன மாசமாப் பாத்துட்டிருக்கேன். தொறக்கல. இப்ப மாட்டிக்குவோம்னு மாத்தப் பாக்கறாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா.”

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என் காலை மிதித்தாள். பிறகு ஒருநாளும் செய்யாததைச் செய்தாள்.

“அவனுக்கு இன்னிக்குத்தான் தெரியும். எங்கிட்டதான் கொண்டுவந்தான். நாந்தான் பாத்துச் சொன்னேன். அழாத கொறதான்.”

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நீ மொதல்லயே தெரிஞ்சுகிட்டு, மாசக்கணக்கா அதப் போட்டுக்கிட்டு அவன்கூடச் சிரிச்சுப் பேசியிருக்க” என்றாள் அக்கா. திட்டும் குரல் இல்லை, அதற்கும் தெம்பில்லை. “இதுல மறைச்சது யாருடி?”

மகள் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். கல்லை மாற்ற வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள், எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் அவர் கேட்டது எனக்கே கேட்டது.

“அப்போ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“எங்க வீட்ல அப்படித்தாங்க” என்றாள் மகள். “எதையும் நம்பி வாங்கிப் பழக்கமில்ல. பாத்துட்டுத்தான் நம்புவோம்.”

அவரைக் குறை சொல்லவில்லை, அம்மாவையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டு விலாசம் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அக்கா எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை.