புத்தகம் தொடாத நாள்

சரஸ்வதியின் காலடியில் புத்தகங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பெரிய டீச்சர் நினைவு வந்துவிடும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நடத்திவந்த சின்னப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. நான் தமிழ் டீச்சர்; கணவரின் வங்கி மாற்றலில் கல்கத்தா வந்தவள்.

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்ப் பிள்ளைகள் குறைந்து, வங்காளிப் பிள்ளைகளும் சேர்ந்தே வகுப்பு நிறைந்தது. பாலிகஞ்சில் பல பள்ளிகளை நடத்திய ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்தால்தான் பிழைப்போம் என்ற நிலை. சேர்வது என்ன லேசான காரியமா? நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது. பெற்றோர் கூடிக் கை தூக்கினார்கள். அரசுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கப் பெரிய டீச்சர் நடையாய் நடந்தார். கடைசியாக, அறக்கட்டளைக் குழு நேரில் வந்து பாடம் பார்க்க வேண்டும். தமிழ் வகுப்பு தேவையா என்பதை அன்றைக்கே முடிவு செய்வோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய டீச்சர் அவர்களுக்கு, இங்கே தை மாசிவாக்கில் வரும் சரஸ்வதி பூஜைக்கு மறுநாளைக் கொடுத்திருந்தார். நம் ஊர் வழக்கப்படி காலையிலேயே புத்தகத்தை எடுத்துவிடலாம் என்ற நினைப்பு. இங்கேயோ மறுநாளும் புரோகிதர் வந்து தயிரும் அவலும் படைத்து முடிக்கும்வரை எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தொடாது. புரோகிதர் காளிகாட்டில் யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டார். குழு வந்து நின்றது.

"நானே குடியைக் கெடுத்துட்டேன்மா," என்றார் பெரிய டீச்சர் என் காதோரம். மறு நிமிஷமே முந்தானையைச் செருகிக்கொண்டு என்னை வகுப்புக்குள் தள்ளினார். "புத்தகம் இல்லேன்னா என்ன, வாய் இருக்கில்ல? பேச விடு."

நேற்றைய பூஜையைப் பற்றித் தமிழில் சொல்லுங்கள் என்றேன். ஒரு வங்காளிச் சிறுமி எழுந்தாள். "கிச்சுரிப் பொங்கல் அடிப்பிடிச்சிருச்சு. பெரிய டீச்சர்தான் கிண்டினாங்க. வெளிய சொல்லாதேன்னாங்க."

வகுப்பே சிரித்தது. என்ன சொன்னாள் என்று குழுத் தலைவர் கேட்க, அவளே வங்காள மொழியிலும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உன் வீட்டில் யார் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை, இங்கேதான் கற்றுக்கொண்டேன் என்றாள். "எட்டா தாக்," என்றார் அவர். இது இருக்கட்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். பெரிய டீச்சர் அடுக்களைப் பக்கம் போய் நின்று அழுதார். நானும்தான்.

இப்போது பெரிய டீச்சர் இல்லை. பள்ளி இருக்கிறது, தமிழ் வகுப்பும் இருக்கிறது. அத்தனை வருஷம் நான் அங்கே நிம்மதியாகப் பாடம் சொன்னேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. ஓய்வுக்குப் பிறகு ஒரு பூஜைக்குப் பள்ளிக்குப் போயிருந்தேன். சாமி காலடியில் தமிழ்ப் புத்தகமும் இருந்தது. இலையில் போட்ட கிச்சுரி லேசாக அடிப்பிடித்திருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.